சீமாட்டியின் குரல்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளை எல்லாரும் 'காது' என்றுதான் கூப்பிடுவார்கள். பெரிய இயந்திரங்கள் ஒன்றையொன்று மிஞ்சி உறுமும் அந்த அடித்தளத்தில், ஒரு நாள் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டே, "மூணாவது மெஷின்ல பேரிங் போகுது" என்றாள். மெக்கானிக் சிரித்தார். மறுநாள் மூன்றாவது இயந்திரம் நின்றுவிட்டது. அன்றிலிருந்து அவள் காது.

கண் அவளுக்கு அவ்வளவு நல்ல கண் இல்லை. தூரத்தில் நீந்தும் வாத்து அவளுக்கு மிதக்கும் செருப்பு மாதிரித்தான் தெரியும். ஆனாலும் பனி தொடங்கிவிட்டால் ஞாயிறு தவறாமல், குடிநீர் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ஏரிக்குத் தம்பியோடு போய்விடுவாள். தம்பி பார்சல் வண்டி ஓட்டுபவன். கழுத்தில் கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு அவன் முன்னால் நடப்பான். இவள் கையில் ஒலிப்பதிவுக் கருவியோடு பின்னால் வருவாள். காற்று இரையக் கூடாதென்று அதன் மைக்குக்குப் பழைய ஸ்வெட்டரின் கையை வெட்டி உறையாகத் தைத்துப் போட்டிருந்தாள். தையல் ஒரு நூல் பிசகாமல் இருக்கும்.

எந்தக் குளிர்காலத்தில் எந்தப் பறவை வந்தது என்று பதிந்து வைக்கும் ஒரு சின்னக் குழு அது. தலைவர், மருந்துக்கடை நடத்தி ஓய்ந்தவர். எதையும் இரண்டு முறை கேட்காமல் எழுத மாட்டார். அவரே, "நாணலுக்குள்ள என்ன இருக்குன்னு இந்தம்மா சொன்னாப் போதும், நான் எழுதிக்குவேன்" என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு வாக்கியத்தை அவள் சலவைக்கூடத்தில் எத்தனை தடவை சொல்லியிருப்பாள் என்பதற்குக் கணக்கே இல்லை.

பெருமை வந்தால் வாயும் கூடவே நீளுமே. போன வருடம் குழுவில் ஒரு பெண் புதிதாகச் சேர்ந்தாள். வங்கியில் கவுண்ட்டரில் வேலை. ஒரு காலையில் அவள் ஆசையாக ஓடிவந்து, "அக்கா, சீமாட்டி கத்துறா, நான் கேட்டேன்!" என்றாள். நாணலுக்குள் ஒளிந்தே வாழும் ஒரு கூச்சக்காரக் கோழிக்குக் குழு வைத்த பேர் சீமாட்டி. வெளியே தலைகாட்டாது, பன்றிக்குட்டி மாதிரி வீறிடுவது மட்டும் கேட்கும். அந்த ஏரியில் அதைக் கேட்டு வருடக்கணக்காகிவிட்டது. காது நின்று கேட்டாள். கத்தியது சாதாரண நீர்க்கோழி.

"காது எதுக்கு வச்சிருக்கே நீ, கம்மல் மாட்டவா?" என்றாள், எல்லார் முன்னாலும்.

எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரிக்கப் பார்த்தாள். அப்புறம் பல வாரம் அவள் வரவில்லை. திரும்பி வந்தபோது காதில் கம்மல் இல்லை. காது அதைக் கவனித்தாள். 'நல்லது, புத்தி வந்திருக்கு' என்று நினைத்துக்கொண்டாள்.

இந்த வருடம் பனி இறங்கிய முதல் வாரம். வடக்கிலிருந்து கிளுவை வாத்துகள் அப்போதுதான் வந்து இறங்கியிருந்தன. மூடுபனியில் எதிர்க்கரை தெரியவில்லை. தம்பி படம் எடுக்க அந்தப் பக்கம் சுற்றிப் போயிருந்தான். இவள் இந்தக் கரையில் கருவியை நீட்டிக்கொண்டு நின்றாள். எதிர்க்கரை நாணலுக்குள்ளிருந்து ஒரு வீறிடல் வந்தது. கொஞ்சம் நிறுத்தி, மறுபடி. மறுபடியும்.

கருவியை இன்னும் முன்னால் நீட்டினாள். சீமாட்டி!

தம்பி திரும்பி வந்ததும் அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். "கேட்டியாடா? கேட்டியா? என் கருவியில இருக்குடா!"

அவன் ஒரு கணம் முழித்தான். "நல்லா இருக்குக்கா" என்றான்.

கோழிக் குரலை யாராவது நல்லா இருக்கு என்பார்களா? அவள் அதையெல்லாம் யோசிக்கிற நிலையில் இல்லை. மருந்துக்கடைக்காரர் தன் போனில் இரண்டு முறை கேட்டார். "சீமாட்டிதான்" என்றார். சேதி பரவியது. அடுத்த ஞாயிறு வெளியூர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவதாகச் சொன்னார்கள். சலவைக்கூடத்தில் சாப்பாட்டு வேளையில் ஒவ்வொருத்தியின் காதிலும் போனை வைத்து அழுத்தினாள். "இது என்னடி பன்னி கத்துது" என்றவளைப் பார்த்து, "உனக்கு இதெல்லாம் எங்க புரியப்போகுது" என்றாள்.

சனிக்கிழமை மாலை. பதிவை இரைச்சல் இல்லாமல் வெட்டித் தரும்படி மருந்துக்கடைக்காரர் கேட்டிருந்தார். வீட்டில் இஸ்திரி மேசை முன் உட்கார்ந்து, முதல் தடவையாகப் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டாள். சீமாட்டி வீறிட்டாள். அதற்குப் பின்னால், மிக மெல்ல, எங்கோ தூரத்தில் ஒரு குயில் கூவியது.

குயிலா?

அவள் கை அப்படியே நின்றது. பனி தொடங்கும் நேரத்தில் குயில் ஏது? வெயில் ஏறினால்தானே அது வாயைத் திறக்கும். இரண்டாவது வீறிடலைக் கேட்டாள். அதே இடத்தில் அதே குயில். மூன்றாவது. அதே குயில், அதே இழுப்பு.

நாணலுக்குள் பறவையே இல்லை. எங்கோ, ஏதோ ஒரு கோடையில், யாரோ பிடித்த பதிவு அது. அதை ஒருவர் போனில் போட, இவள் அதைப் பிடித்து வந்து ஊருக்கெல்லாம் போட்டுக் காட்டியிருக்கிறாள். முகம் கொதித்தது. ஹெட்போனைக் கழற்றிய பிறகும் கொதித்தது. யாரும் பார்க்காத அறையில் தனியாக உட்கார்ந்திருந்தும் தலையைக் குனிந்துகொண்டாள்.

அன்றைக்கு எதிர்க்கரையில் இருந்தவன் ஒருத்தன்தான். சமையலறைக்குப் போனாள். தம்பி தட்டு கழுவிக்கொண்டிருந்தான்.

"போன்ல போட்டது நீயாடா?"

அவன் திரும்பவில்லை. கழுவிய தட்டையே மறுபடி கழுவினான்.

"தட்டு தேஞ்சு போயிரும். சொல்லு."

"ஒரு தடவ வெளிய வந்தா படம் எடுத்துரலாம்னு நெனச்சேன்க்கா. நீ அதப் பாத்ததே இல்லல்ல. பெருசாப் பிரிண்ட் போட்டுத் தரலாம்னு..."

"குரல் போட்டு வரவழைக்கக் கூடாதுன்னு சார் எத்தன தடவ சொல்லியிருக்காரு? எதிரி வந்துட்டான்னு நெனச்சு அது தின்னாம கொள்ளாம அலையும்னு தெரியாதா உனக்கு?"

"தெரியும்."

"அன்னைக்கே ஏண்டா சொல்லல?"

"சொல்லத்தான் வந்தேன். நீ என்னப் புடிச்சு உலுக்குன உலுக்குல..." என்று இழுத்தவன் நிறுத்தினான். "உன்ன அப்படிப் பாத்ததே இல்லக்கா. வாய் வரல."

திட்ட அவளுக்கும் வாய் வரவில்லை. தம்பி எடுத்த படங்களைச் சலவைக்கூடத்துச் சுவரில் ஒட்டி வைத்தவள் அவள். குரல் போட்டவன் என்று தெரிந்தால் அவனைக் குழுவிலிருந்து விலக்கிவிடுவார்கள். அதுதான் சட்டம். சொல்லாமல் விட்டாலோ, இல்லாத பறவை இந்த ஏரியின் பதிவில் ஏறி, என்றைக்கும் அவள் பேரில் நிற்கும்.

ஞாயிறு காலை, ஏரிக்குப் போகும் வழியெல்லாம், முழுசாகச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்து நடந்தாள். கரையில் கூட்டம். பழக்கமில்லாத முகங்கள். முக்காலிகளில் தொலைநோக்கிகள், எல்லாம் நாணலைப் பார்த்தபடி. வங்கிப் பெண் ஒரு ஓரமாக நின்றாள்.

"சார், அந்தப் பதிவ எடுத்துருங்க" என்றாள் காது. குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது போல இருந்தது. "அது பறவ இல்ல. பின்னால குயில் கேக்குது. எனக்கு மொதல்ல கேக்கல."

மருந்துக்கடைக்காரர் ஹெட்போனை வாங்கிக் கேட்டார். மறுபடி கேட்டார். "ஆமா" என்றார். "நானும் விட்டுட்டேனே. யார் போட்டது?"

"யாரோ... யாரோ போட்டிருக்காங்க சார்."

சொன்ன மாத்திரத்தில் அவளுக்கு உடம்பு கூசியது. இத்தனை தூரம் நடந்து வந்தது இந்த 'யாரோ'வைச் சொல்லவா?

"யாரோ இல்ல சார், நான்தான்" என்றான் தம்பி.

யாரோ ஒருவர் முக்காலியை மடக்கும் சத்தம் கேட்டது. 'ராத்திரியெல்லாம் வண்டி ஓட்டி வந்தோம்' என்று ஒருத்தர் தன் மனைவியிடம் முணுமுணுத்தது காதில் நன்றாக விழுந்தது. அன்றைக்கென்று அந்தக் காது எதையும் விடவில்லை. மருந்துக்கடைக்காரர் தம்பியைப் பார்த்து, "இந்தக் குளிர் முடியற வரைக்கும் வராதீங்க, தம்பி" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

அவள் வங்கிப் பெண்ணிடம் போனாள். என்ன சொல்வது என்று யோசிக்காமலே போய்விட்டாள்.

"போன வருஷம் நான் உன்ன அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

"விடுங்கக்கா" என்றாள் அந்தப் பெண். கண்ணைப் பார்க்கவில்லை. "நான் தண்ணிப்பக்கம் பறவைங்கள எண்ணணும்" என்று நகர்ந்துவிட்டாள். அவ்வளவுதான். அதற்கு மேல் எதிர்பார்க்கத் தனக்கு உரிமை இல்லை என்பது காதுக்குப் புரிந்தது.

"இன்னும் ரெண்டு பேர் வரணும்" என்றார் மருந்துக்கடைக்காரர், போனைத் துழாவியபடி. "வயசானவங்க. புருஷன் பொண்டாட்டி. கூப்பிட்டுச் சொல்லிர்றேன்."

"நான் பேசுறேன் சார்."

எண்ணை வாங்கி அழுத்தினாள். பெரியவரின் குரலுக்குப் பின்னால் பஸ் உறுமியது. "வந்துட்டோம்மா! அடுத்த ஸ்டாப்புதான். இவ முட்டி வலியோட கெளம்பிட்டா, கேட்டே ஆகணுமாம். சீமாட்டி கத்துறாளா?"

போனில் சொல்லிவிடலாம். சொன்னால் அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. "நீங்க எறங்குங்க ஐயா. நான் ஸ்டாப்புக்கு வர்றேன்" என்றாள்.

ஏரியிலிருந்து பஸ் நிறுத்தத்துக்கு ஒற்றை ரோடு. தம்பி கூடவே வந்தான்.

"நான் சொல்றேன்க்கா. செஞ்சது நான்."

"போட்டது நீ. சீமாட்டின்னு ஊரக் கூட்டுனது நான். பின்னாடி நில்லு."

"அவங்க திட்டுனா?"

"திட்டட்டும். வாயத் தொறக்காத."

பஸ் வந்து நின்றது. முதலில் ஒரு ஊன்றுகோல் படியில் இறங்கியது. பிறகு அந்த அம்மாள், கழுத்தில் புத்தம்புது பைனாகுலரோடு, மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டே இறங்கினாள். காது இரண்டடி முன்னால் போய், விழுந்துவிடாமல் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா," என்றாள், "நான்தான் அந்தப் பதிவ எடுத்தவ. அங்க பறவ இல்லம்மா."