சூளைக்குப் போன என் வாய்

எங்கள் அத்தைக்கு என் மேலுதட்டைத் தூக்கிப் பார்க்காமல் பேச்சு வராது. ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, செருப்பைக் கழற்றியதும் முதல் வேலை அதுதான். புகையிலை கசக்கிய விரல், நகக்கண்ணில் சுண்ணாம்பு. அந்த விரலால் என் உதட்டை மேலே ஏற்றி, சந்தையில் மாட்டைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, பிறகு விரலை முந்தானையில் அழுந்தத் துடைத்துக்கொள்வாள். அசிங்கம் என் வாயில் இருப்பதாக அவள் எண்ணம்.

"இப்பிடியே வுட்டா இவள எவன் வந்து பாப்பான்? நாலு பல்லயும் புடுங்கிட்டு செட்டு கட்டிடு தம்பி. எட்டு நாளு வேல."

"நல்ல பல்லுக்கா. சொத்தயா ஒண்ணா" என்பார் அப்பா.

"நல்ல பல்லுதான். வாய்க்கு வெளிய இருக்குது."

விருத்தாசலத்தில் நான் பத்தாவது படித்த வருஷம் அது. மேல்வரிசை முன்பற்கள் நான்கும் தூக்கிக்கொண்டிருந்தன, உதடு மூடாது. மற்றபடி ஆட்டம் கிடையாது, கரும்பைக் கடிக்கும். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் இதற்குத் தெரிந்த ஒரே வைத்தியம், பிடுங்கி எறிந்துவிட்டுக் கட்டுப்பல் வைப்பது. அத்தை தன் மகளுக்கு அப்படித்தான் செய்திருந்தாள். ஒருமுறை அவர்கள் வீட்டில் தங்கியிருந்தபோது, காலையில் வாய் கொப்பளிக்க எடுத்த டம்ளரின் அடியில் அந்தச் செட்டு கிடந்தது. இடுக்கில் முந்தைய நாள் முருங்கைக்கீரை. இருபது வயதுப் பெண்ணின் பற்கள். என் நான்கு பற்களையும் யாரும் தொடக்கூடாது என்று அப்போதே முடிவு செய்துகொண்டேன்.

அப்பாவுக்கும் பிடுங்க மனம் இல்லை. ஆனால் அக்காவை எதிர்த்துப் பேசும் பழக்கமும் இல்லை. இருவருமாக ஓர் உடன்படிக்கைக்கு வந்தார்கள். தை பிறப்பதற்குள் வேறு வழியில் பல் உள்ளே போனால் சரி, போகாவிட்டால் பிடுங்குவது. பல்லுக்கு உடையவளைக் கலந்துகொள்ளும் வழக்கம் அப்போது இல்லை.

ரயிலேறி மெட்ராஸ் பல் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சீட்டு வாங்க ஒரு வரிசை, வாங்கிய சீட்டைக் காட்ட ஒரு வரிசை, உட்கார ஒரு வரிசை. என்னைப் பார்த்தவர் ஒரு பெண் டாக்டர். என் வாயில் விரல் விடுமுன் கையைக் கழுவினார். அதுவரை யாரும் செய்யாத காரியம்.

"பல்ல ஒரே இழுப்பா உள்ள தள்ள முடியாது" என்றார். "எலும்புக்குள்ள மெதுவா நகத்தணும். அழுத்தற பக்கம் எலும்பு கரையும், விட்டு வந்த பக்கம் புதுசா வளரும். ரெண்டு வருஷம் ஆகும்."

வழி இரண்டு இருந்தன. ஒன்று, கழற்றி மாட்டும் பிளேட்டு. மற்றது, ஒவ்வொரு பல்லுக்கும் உலோக வளையம் ஒட்டி, கம்பி கோத்து இறுக்கும் கிளிப். அதை நாமாகக் கழற்ற முடியாது. எதுவானாலும் முதலில் பிளாஸ்டரில் அளவெடுக்க ஒரு நாள் வர வேண்டும், பிறகு மாதம் ஒருமுறை. 

"தை மாசத்துக்குள்ள ஆவுமுங்களா?" என்று கேட்டார் அப்பா.

"எந்த வருஷத்துத் தை?" என்றார் டாக்டர்.

திரும்பும்போது ரயில் விழுப்புரம் தாண்டியது. அப்பா சொன்னார்: "பிளாஸ்டர்ல அச்சு எடுக்கறதுக்கு எதுக்கு மெட்ராஸ் வரணும்? நான் தெனமும் அதத்தான் செய்யறேன்."

உண்மைதான். தொழிற்பேட்டையில் ஒரு பீங்கான் பட்டறையில் அவர் அச்சு மேஸ்திரி. ஊறுகாய் ஜாடிகளும் ஃபியூஸ் கட்டைகளும் செய்யும் பட்டறை. ஞாயிற்றுக்கிழமை ஆள் இல்லாதபோது என்னை அங்கே அழைத்துப்போய் ஸ்டூலில் உட்கார வைத்தார். எந்தப் பொருளின் மேல் பிளாஸ்டர் ஊற்றினாலும் ஒட்டாமல் இருக்க முதலில் சோப்புக் கரைசல் தடவுவது அந்தத் தொழிலின் வழக்கம். என் பல்லிலும் தடவினார். ஜாடிகளுக்குத் தடவும் அதே பிரஷ். ஒரு கரண்டியை வளைத்து, அது நிறைய பிளாஸ்டரைக் குழைத்து வாய்க்குள் திணித்தார். பிளாஸ்டர் இறுகும்போது சூடேறும் என்பதை நான் அன்று தெரிந்துகொண்டேன். மூக்கு வழியாகச் சோப்பு நுரை வந்தது.

"அசையாத. ஜாடிங்கள்லாம் எவ்ளோ ஒழுங்கா இருக்குது பாரு" என்றார் அப்பா.

இறுகிய பிளாஸ்டர் கோணல் பற்களில் மாட்டிக்கொண்டு வர மறுத்தது. சிற்றுளியால் தட்டித் துண்டு துண்டாகப் பெயர்த்தெடுத்தார். எச்சிலும் ரத்தமும் தோய்ந்த அந்தத் துண்டுகளைக் கழுவி, பொருத்தி, கட்டினார். அவருக்கு அதில் பெருமை; எனக்கு இரண்டு நாள் வாயில் சுண்ணாம்பு வீச்சம்.

அந்த அச்சுக்குள் அவர் தினமும் எதை ஊற்றுவாரோ அதையே ஊற்றினார், பீங்கான் மண்ணைக் கரைத்த கூழ். உறைந்ததை எடுத்துக் காயவைத்து, ஜாடிகளோடு சூளையில் ஏற்றிவிட்டார். என் வாய் வெள்ளையாக, கல்லைப்போல் வெளியே வந்தது. பல்லின் கோணல், ஈறின் மடிப்பு, எல்லாம் அப்படியே. வீட்டுக்கு வந்தவர்கள் அதைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார்கள். 

அதை எடுத்துக்கொண்டு கடலூரில் கட்டுப்பல் செய்கிற ஒருவரிடம் போனோம். அவர் தட்டிப் பார்த்து மகிழ்ந்தார். "இதாங்க அளவு. ஒடயாது. செட்டும் பிளேட்டும் ஒண்ணுதாங்க. அதுல பல்லு இருக்கும், இதுல கம்பி இருக்கும்."

ரோஸ் நிறத்தில் கம்பி வைத்த பிளேட்டு தயாராயிற்று. வாயில் உட்காரவில்லை. அரத்தால் ராவினார், மூக்குப்பொடி வாசனை வீசும் கட்டைவிரலை என் அண்ணத்தில் ஊன்றி அழுத்தினார். எங்கோ கடக்கென்றது.

"இறுக்கமா இருந்தாத்தான் பல்லு உள்ள போவும். வலிக்குதுன்னா வேல செய்யுதுன்னு அர்த்தம்" என்றார்.

எங்கள் வீட்டில் அதுவே சட்டமாயிற்று. வலிக்கிறது என்றால், வேலை செய்கிறது. ஈறு புண்ணாயிற்று என்றால், நன்றாக வேலை செய்கிறது. பிளேட்டுக்கு அடியில் சோற்றுப் பருக்கை புளித்தது. சீழ் வைத்தது. என் வாய் நாற்றம் எனக்கே குமட்டியது. பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் ஜன்னல் ஓரம் காற்று வருகிறது என்று சொல்லி இடம் மாறினாள். ஒரு முன்பல் லேசாக ஆட ஆரம்பித்தது. அதைப் பார்த்து அப்பா, நகர்கிறது என்று சந்தோஷப்பட்டார்.

கார்த்திகையில் அத்தை வந்தாள். உதட்டைத் தூக்கியவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "பல்லும் உள்ள போவல, நாத்தமும் வந்துடிச்சி. தை பொறந்ததும் புடுங்கிடலாம் தம்பி." அப்பா தலையாட்டினார்.

அதற்கு அடுத்த வாரம், அப்பாவுக்குச் சாப்பாட்டுக் கேரியர் எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். வேப்பூரில் ரோட்டோர ஓட்டல் வைத்திருந்தவர் ஒருவர் ஜாடியைக் கையில் வைத்துக்கொண்டு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"பச்சயா இருந்தப்ப பெருசா காட்டனீங்க. இப்ப குடுக்கறது இம்மாம் இருக்குது. யார ஏமாத்தறீங்க?"

அப்பா பொறுமையாகச் சொன்னார்: "மண்ணு சூளைக்குப் போனா சுருங்கும்ங்க. பத்து அங்குலம் உள்ள போனா ஒம்போதுதான் வெளிய வரும். அதுக்குத்தான் மொதல்லயே மாதிரிய பெருசா செஞ்சி எங்கிட்ட குடுப்பாங்க."

நான் கேரியரைக் கீழே வைத்தேன். சூளைக்குப் போன என் வாயை யாரும் முதலில் பெரிதாகச் செய்து அவரிடம் கொடுக்கவில்லை.

பிளேட்டைப் பிடுங்கி எடுத்தேன். மேசையில் இருந்த ஈர மண்ணில் ஓர் உருண்டை கிள்ளி, வாயில் வைத்து நன்றாகக் கடித்தேன்.

"என்னங்க, உங்க பொண்ணு மண்ணு திங்குது" என்றார் ஓட்டல்காரர்.

கடித்த மண்ணை அப்பாவின் முன்னால் வைத்து, அந்தத் தடத்தின் மேல் பிளேட்டை வைத்தேன். பிளேட்டின் கம்பி கவ்வ வேண்டிய கடைவாய்ப் பற்களின் தடம் இரண்டு பக்கமும் கம்பிக்கு வெளியே நின்றது. அப்பா காலிப்பரை எடுத்து இரண்டின் அகலத்தையும் அளந்தார். மறுபடி அளந்தார், பத்துக்கு ஒன்பது. பிற்பாடு நான் வேலை பார்த்த கருவூலத்தில், கணக்கு எழுதுபவரும் சரிபார்ப்பவரும் ஒருவராக இருக்கக்கூடாது என்பது முதல் விதி. என் வாய் விஷயத்தில் இரண்டும் அப்பாதான். 

எச்சில் வடிந்த பிளேட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "திங்கக்கிழம மெட்ராஸ் போவணும். ஸ்கூல்ல லீவு சொல்லிடு."

அதே டாக்டர். என் ஈறைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது. அப்பா துணியைப் பிரித்துப் பீங்கான் வாயை நீட்டினார். டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரொம்ப அழகா இருக்கே. யாரோட வாய் இது?"

"இவளோடதுதாங்க" என்ற அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "இல்லீங்க. யாரோடதும் இல்லீங்க."

புண் ஆற ஒரு மாதம் விட்டார்கள். ஆடிய பல் கெட்டியானது. பிறகு சரியானபடி அளவெடுத்தார்கள். இடம் உண்டாக்கப் பக்கத்துக்கு ஒன்றாகப் பின்னால் இரண்டு பற்களை எடுத்தார்கள். பிளேட்டா கிளிப்பா என்று டாக்டர் என்னைக் கேட்டார்.

"கிளிப்ப யாராலயும் கழட்ட முடியாதுங்களா?"

"என்னால முடியும். வேற யாராலயும் முடியாது."

"அப்ப அதுதாங்க."

"வெளிய தகரமா தெரியுமேம்மா" என்றார் அப்பா.

"இப்ப பல்லு தெரியிதுல்ல?"

கிளிப் போட்டது பொங்கலுக்கு முந்தைய வாரம். பொங்கலன்று அத்தை வந்தாள். செருப்பைக் கழற்றினாள், அருகே வந்தாள், எதையும் கேட்காமல் அந்த விரலால் என் உதட்டைத் தூக்கினாள். வளையத்தோடு கம்பியை முறுக்கிக் கட்டிய முனை ஒன்று அவள் விரலில் ஏறியது.

"என்னாடி இது, முள்ளுவேலியா?" விரலை உதறினாள். ரத்தம் பொட்டாக நின்றது. "தை பொறந்துடிச்சே தம்பி. இத எப்பக் கழட்டி, எப்பப் பல்ல புடுங்கறது?"

"மெட்ராஸ் டாக்டரு ஒருத்தராலதான் கழட்ட முடியுமாம்க்கா. ரெண்டு வருஷம் ஆவுமாம்" என்றார் அப்பா, முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டு.

அத்தை வழக்கம்போல் விரலை முந்தானையில் துடைத்தாள். இந்த முறை துடைக்க அவளுடைய ரத்தமே இருந்தது. அதன் பிறகு அவள் என் உதட்டைத் தூக்கவில்லை. அந்த நான்கு பற்களால்தான் நான் இன்றும் கடித்துத் தின்கிறேன். அன்று மட்டும் கொல்லையில் நின்று எத்தனை கொப்பளித்தும், அத்தையின் விரலிலிருந்து கம்பியில் சிக்கிய புகையிலைத் துணுக்கு வரவில்லை. சர்க்கரைப் பொங்கல் முழுக்கக் கசந்தது.