நம்ம வண்டி இப்படித்தான் பேசும்

கார் கிறுக்குப் பிடித்தவர்களின் கூட்டம் ஒன்றில் நான்கு வருஷம் இருந்தேன். அமெரிக்கக் கம்பெனி ஒன்றின் கார். எட்டு சிலிண்டர், இரண்டே கதவு, பின் சீட்டில் பெரியவர்கள் உட்கார்ந்தால் முழங்கால் தாடையில் இடிக்கும். அதை வாங்கும்போது நான் துபாய் அல் கூஸில் ஏசி டக்ட் செய்யும் கம்பெனியில் எஸ்டிமேட்டர். மனைவியும் மகளும் அல் குசைஸில் சின்ன ஃப்ளாட் ஒன்றில் என்னோடு இருந்தார்கள். எவனோ கட்டப்போகும் கட்டடத்துக்கு ஆணி முதற்கொண்டு கணக்குப் போட்டுக் கொடுக்கிறவனுக்கு, தன் வண்டிக்கு ஆகப்போகும் செலவைக் கணக்குப் போடத் தெரியவில்லை. தெரியாமல் என்ன, போடவில்லை. போட்டிருந்தால் வாங்கியிருக்க முடியாது.

யாரோ மூன்று வருஷம் ஓட்டித் தள்ளிவிட்ட வண்டி என்பதால் விலை கொஞ்சம் மலிவு. பேங்க் லோன் கொடுத்தது. செலவு அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. இருப்பதிலேயே உசத்தியான பெட்ரோல்தான் குடிக்கும். பின் டயர் இரண்டும் ஒரு கோடையைத் தாண்டாது. என்ன வண்டி என்று சொன்னதுமே இன்சூரன்ஸ்காரன் போனில் குரலை மாற்றிக்கொள்வான். இது போதாதென்று சைலன்சரைக் கழற்றிவிட்டு, உறுமுகிற குழாய் ஒன்றை மாட்டியிருந்தேன். அது சட்டப்படி ஆகாது. அதனால் வருஷா வருஷம் முல்கியா என்கிற பதிவுச் சீட்டைப் புதுப்பிக்க, வண்டியைப் பாஸிங் என்கிற சோதனைக்குக் காட்டுமுன், கட்டிலுக்கு அடியில் துணி சுற்றி வைத்திருக்கும் பழைய சைலன்சரை எடுத்துப் போய் மாட்டுவேன். பாஸ் ஆன மறுநாளே கழற்றிவிடுவேன். மாட்ட ஒரு கூலி, கழற்ற ஒரு கூலி. சூட்கேஸ் வைக்க இடமில்லாமல் என் மனைவி அதைப் பால்கனி வெயிலில் போட்டிருந்தாள். சைலன்சர் மட்டும் ஏசியில் படுத்திருந்தது.

ஞாயிறு விடிகாலையில் ஒரு பெட்ரோல் பங்கில் கூடி, கராக் டீ குடித்துவிட்டு ஹத்தா மலைப்பக்கம் ஓட்டிப் போவோம். மலையாளி, பாகிஸ்தானி, எகிப்துக்காரன், வசதியான அரபுப் பையன்கள் என்று கலந்த கூட்டம். எல்லோருக்கும் ஒரே கம்பெனி வண்டி. எதிர்க் கம்பெனி வண்டி வைத்திருப்பவர்கள் அதே பங்கின் மறுகோடியில் நிற்பார்கள். அவர்களோடு பேச்சு கிடையாது, முறைப்பு மட்டும்தான். எங்களுக்குள் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. நம் வண்டியில் என்ன கோளாறு வந்தாலும் வெளியே மூச்சு விடக்கூடாது. அவர்கள் காதில் விழுந்தால் மானம் போய்விடும்.

எங்கள் வண்டிகளில் பலவற்றுக்கு ஒரு வியாதி இருந்தது. கொஞ்ச நாள் ஓடியதும் எஞ்சினிலிருந்து டிக் டிக் என்று சத்தம் கிளம்பும். புதிதாகச் சேர்ந்தவன் யாராவது பயந்துபோய் வாட்ஸாப் குரூப்பில் கேட்டால், குரூப்பை நடத்திய லாகூர்க்காரர் தயாராக ஒரு பதில் வைத்திருந்தார். "பாய், அப்னீ காடி ஐசே ஹி போல்தீ ஹை." நம்ம வண்டி இப்படித்தான் பேசும். கேட்டவன் தமிழன் என்றால் அதைத் தமிழில் சொல்வது என் டூட்டி. சம்பளமில்லாத டூட்டி. நான் ஒருவன் உயிரோடு இருப்பதே அந்தக் கம்பெனிக்குத் தெரியாது. அதற்காக நான் மானஸ்தன் வேஷம் கட்டி ஆடினேன்.

என் வண்டியும் ஒருநாள் டிக் டிக் என்றது. ஆபீசுக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த கராஜில் சிவகங்கைப் பக்கத்து மெக்கானிக் ஒருவர் இருந்தார். பானட்டைத் திறந்து காதைக் கிட்டே கொண்டுபோனார்.

"அண்ணே, இது சரியில்ல. உள்ள லிஃப்டர் தேஞ்சுக்கிட்டு இருக்கு. இப்பவே தொறந்து மாத்திட்டா இத்தோட போயிரும். விட்டா கேம் ஷாஃப்டயும் சேத்துத் தின்னுரும்."

"எங்க வண்டி எல்லாமே இப்படித்தாம்ப்பா பேசும்."

"பேசலண்ணே, அழுவுது."

அவர் சொன்ன செலவு என் ஒரு மாதச் சம்பளத்துக்கும் குறைவு. ஆனால் வண்டி மூன்று வாரம் கராஜில் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை எங்கே போனாய் என்று குரூப்பில் கேட்பார்கள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து வண்டியை அப்படியே எடுத்துக்கொண்டு வந்தேன். இன்று நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அடுத்த ஜூலையில் ஒரு மத்தியானம், மனைவியும் மகளும் கூட இருக்கும்போது, எமிரேட்ஸ் ரோட்டில் எஞ்சின் கடகடவென்று அரைத்துக்கொண்டு நின்றது. ஏசியும் நின்றது. ரெக்கவரி வண்டி வரும் வரை ரோட்டோரம் நின்றோம். மகளுக்கு அப்போது ஒன்பது வயது. முகம் சிவந்து, உதடு காய்ந்து, தண்ணீர் பாட்டிலைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு நின்றாள். என் மனைவி துப்பட்டாவை அவள் தலைமேல் பிடித்திருந்தாள். நான் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாரண்டி இன்னும் மிச்சம் இருந்தது. ஏஜென்சியில் வண்டியைத் தூக்கி அடியில் பார்த்தவர், உறுமுகிற குழாயைப் பார்த்ததும் கையை விரித்துவிட்டார். "மாஃபி வாரண்டி. கலாஸ்." வாரண்டி கிடையாது, அவ்வளவுதான். லாகூர்க்காரரிடம் போய்ப் புலம்பினேன். அவர் என் தோளில் கைபோட்டு, எல்லாம் சரியாகும் பாய், குரூப்பில் மட்டும் போட்டுவிடாதே என்றார். ஷார்ஜாவில் பழைய வண்டிகளை உடைத்து விற்கும் இடத்தில் அதே எஞ்சின் கிடைத்தது. அமெரிக்காவில் அடிபட்ட வண்டியிலிருந்து எடுத்தது. கூலியோடு சேர்த்து ஆறு மாதச் சம்பளம் ஆகும் என்றார்கள்.

வண்டியைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு, லோனை மட்டும் கட்டிக்கொண்டு, குடும்பத்தோடு பஸ்ஸிலும் மெட்ரோவிலும் போய்வந்திருக்கலாம். இங்கே லட்சம் பேர் அப்படித்தான் இருக்கிறார்கள். நான் வேறு வழியில் போனேன். கை இறுகினால் குடும்பத்தை ஊருக்கு அனுப்பிவிட்டு பேச்சிலர் ரூமில் ஒண்டிக்கொள்வது வளைகுடாவில் சகஜம், யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். அந்தச் சகஜத்துக்குள் ஒளிந்துகொண்டேன்.

"பாப்பா ஸ்கூல்ல ஃபீஸ ரொம்ப ஏத்திட்டான். ஒரு வருஷம் ஊர்ல இருங்க, கூப்பிட்டுக்கறேன்" என்றேன் மனைவியிடம்.

"சரிங்க" என்றாள்.

டி.சி. வாங்க அவள் தனியாகத்தான் பஸ்ஸில் போனாள். அன்றைக்கு நான் ஷார்ஜாவில் எஞ்சின் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏர்போர்ட்டில் மகள் கேட்டாள்: "அப்பா, கார் மட்டும் உங்ககூட ஸ்டே பண்ணுமா?" நான் அவள் பையின் ஜிப்பைச் சரிசெய்தேன்.

ஒரு வருஷம் என்றது இரண்டானது. ஆறு பேர் ரூமில் இரட்டைக் கட்டிலின் கீழ்த்தட்டு எனக்கு. அதற்கும் கீழே சைலன்சர். இரண்டாவது எஞ்சினும் டிக் டிக் என்று ஆரம்பித்தபோதுதான் எனக்குப் புத்தி வந்தது. இந்த எஞ்சினும் சத்தம் போடுகிறது என்று மனைவிக்குப் போனில் சொன்னேன், விற்றுவிட முடிவு செய்தேன். லோன் போக மிஞ்சுவதில் ஃப்ளாட் எடுத்து, ஏப்ரலில் மகளைத் திரும்ப இங்கேயே ஸ்கூலில் சேர்த்துவிடலாம். ஆனால் நல்ல விலை வந்தால்தான் அது நடக்கும்.

வாங்க வந்தவர் திருநெல்வேலிக்காரர், முப்பது வயது இருக்கும். மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டி வந்திருந்தார். எஞ்சினைப் போட்டதும் குனிந்து கேட்டார்.

"அண்ணாச்சி, டிக்கு டிக்குன்னு ஒரு சத்தம் வருதுல்லா, அது என்னது?"

அவர் மனைவி பின் சீட்டை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள், குழந்தையை எங்கே உட்கார வைப்பது என்று. உண்மையைச் சொன்னால் ஏப்ரல் போய்விடும்.

"நம்ம வண்டி இப்படித்தான் பேசும் தம்பி" என்றேன்.

அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். கேட்ட விலையைப் பேரம் பேசாமல் கொடுத்தார். அன்று சாயங்காலமே மனைவிக்குப் போன் செய்தேன்.

"வண்டிய வித்துட்டேன். டிக்கெட் போடவா?"

"அந்தச் சத்தத்தச் சொல்லித்தான வித்தீங்க?"

"சொன்னேன்."

"ஃபீஸ ஏத்திட்டான்னு எங்கிட்ட சொன்னீங்களே, அந்த மாதிரியா?"

அவள் கோபப்படாமல்தான் பேசினாள்.

"டி.சி. வாங்கப் போனன்னிக்கே ஆபீஸ்ல கேட்டாங்க, இந்த வருஷம் ஃபீஸே ஏத்தலையே, ஏன் போறீங்கன்னு. நீங்களாச் சொல்லுவீங்கன்னு ரெண்டு வருஷம் பாத்தேன். பாப்பாவுக்கு இங்க பழகிடுச்சுங்க. நாங்க வரல."

அவர்கள் வரவில்லை. ஃப்ளாட்டுக்கு வைத்திருந்த பணம் பேங்கில் கிடக்கிறது. நான் அதே கீழ்த்தட்டில் படுக்கிறேன்.

வருஷம் திரும்பியபோது திருநெல்வேலித் தம்பி போன் செய்தார். வண்டிக்குப் பாஸிங், பழைய சைலன்சர் உங்களிடம் இருக்குமா என்றார். இருக்கிறது, வாருங்கள் என்றேன். தனியாக வந்தார், ஆள் இளைத்திருந்தார்.

"இஞ்சின் போயிட்டு அண்ணாச்சி. வேற மாத்திட்டேன். ஒங்க மேல என்ன தப்பு, நாந்தான் ஓட்டத் தெரியாம ஓட்டிட்டேன். வெளிய யார்ட்டயும் சொல்லல. அந்த எதிர்க் கம்பெனிப் பயலுவ சிரிப்பானுவ."

"வீட்ல எப்படி இருக்காங்க?"

"ஊருக்கு அனுப்பிட்டேன். ஒரு வருஷத்துக்குத்தான்."

கட்டிலுக்கு அடியிலிருந்து சைலன்சரை இழுத்தேன். கனமாக இருந்தது. ஆளுக்கொரு முனையாகப் பிடித்து லிஃப்டில் ஏற்றி, கீழே கொண்டுபோய், குழந்தை உட்காரவேண்டிய பின் சீட்டில் படுக்கவைத்தோம்.