ஒச்சாயியின் சுட்டுவிரலும் ஸ்கிராட்ச்சும்

ஒச்சாயிக்குத் தெரிந்த இங்கிலீஷ் ஒரே ஒரு வார்த்தைதான். ஸ்கிராட்ச். காளவாசல் பக்கத்து நூல் மில்லில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அது அவளுக்குக் கிடைத்துவிட்டது. ஓடுகிற நூல் விரலை அறுத்ததும் முதலுதவி அறைக்குப் போனாள். கம்பவுண்டர் சுடலை அவள் கையைப் பார்க்கும் முன்பே நோட்டைத் திறந்து ஸ்கிராட்ச், அதாவது வெறும் சிராய்ப்பு, என்று எழுதினார். பிறகுதான் பஞ்சில் டிஞ்சரைத் தொட்டார். அவள் கட்டைவிரல் ரேகையை உருட்டிவிட்டு மெஷினுக்குத் திரும்பினாள்.

அந்த வார்த்தை அவளுக்குப் பிடித்துப்போனது. அதுவரை நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் அடுத்தவர் காட்டில் களையெடுத்தவள். மில்லுக்காரி என்று ஊரில் காட்டிக்கொள்ள ஒரு வார்த்தை இருந்தால் வேண்டாம் என்றா சொல்வாள்? மகன் முழங்காலைப் பேர்த்துக்கொண்டு வந்தால் ஸ்கிராட்ச். ஆடு முட்டினால் ஸ்கிராட்ச். புருசன் கருத்தக்கண்ணன் ஓங்கி அடித்து வளையல் உடைந்து மணிக்கட்டில் ஏறியபோதும், கேட்டவர்களிடம் "ஸ்கிராட்ச்தேன்" என்று சிரித்தாள். பதினோரு வருசம் இப்படித்தான் போனது.

மில் வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. விபத்து இல்லாத நாட்கள் என்று மேலே பெயின்டில் எழுதியிருக்கும். கீழே எண்ணை மட்டும் தினமும் சாக்பீஸால் மாற்றுவார்கள். முந்நூறைத் தொட்டால் ஆளுக்கொரு எவர்சில்வர் தூக்குச்சட்டி பரிசு. யாருக்கும் விபத்தே நடக்கவில்லை என்று நினைத்துவிட வேண்டாம். நடந்ததெல்லாம் சுடலையின் நோட்டில் ஸ்கிராட்ச்சாகப் படுத்துக்கிடந்தது. என்ன யோக்கியமான மில்!

எண் இருநூற்றுத் தொண்ணூறில் நின்ற அன்று, ஒச்சாயியின் மெஷினில் நூல் சிக்கிச் சுற்றிக்கொண்டது. மெஷினை நிறுத்தினால் மேஸ்திரி கத்துவான். ஓட ஓடவே பிளேடை வைத்து அறுத்தாள். பிளேடு வழுக்கி வலது சுட்டுவிரலுக்குள் இறங்கியது. முந்தானையால் பொத்திக்கொண்டு ஓடினாள். பக்கத்து மெஷின் தங்கப்பொண்ணும் கூடவே ஓடிவந்தாள். துணியை அவிழ்க்கும் முன்பே சுடலை எழுதிவிட்டார். அவிழ்த்ததும் எலும்பு தெரிந்தது. எழுதியதை அவர் மாற்றவில்லை. அவளும் பழக்கதோஷத்தில் ரேகை வைத்துவிட்டாள்.

ஒன்பது நாள் கழித்துக் கட்டைப் பிரித்தால் விரல் மடங்கவே இல்லை. விரல் மடங்காமல் அறுந்த நூலை எப்படி முடிச்சுப் போடுவது? "இனிமே நீ சரிப்பட மாட்ட. ஒண்ணாந்தேதியிலருந்து வராத" என்றான் மேஸ்திரி. மில்லில் பட்ட விபத்து என்று எழுதிக் கொடுத்தால், சிகிச்சை முடியும்வரை அவளை நிறுத்த முடியாது. ஸ்கிராட்ச் என்றால் தாராளமாக நிறுத்தலாம்.

சுடலையிடம் ஓடினாள்.

"விபத்துன்னு மாத்தி எழுதுங்க சார்."

"நீதானம்மா ரேகை வச்சிருக்க. இப்ப வந்து மாத்துன்னா?"

ஆத்திரம் ஆத்திரமாக வந்தது அவளுக்கு. அவர் மேல் மட்டுமல்ல, பல்லைக் காட்டிக்கொண்டு பதினோரு வருசம் ரேகை உருட்டிய தன் மேலும்தான். தங்கப்பொண்ணு வேறு வந்து சேர்ந்தாள். "அக்கா, நாளைக்குத் தூக்கு குடுக்குறாக. ஒரு நா பொறுத்துக்கிட்டா என்ன?"

"தூக்கா? ஒனக்கு விரல் போனா அந்தத் தூக்க எதுலடி தூக்குவ?"

தங்கப்பொண்ணு தன் சுட்டுவிரலை ஒருதரம் மடக்கிப் பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் வாசலில் பந்தல். தூக்குகள் மேஜையில் பளபளத்தன. தங்கப்பொண்ணு உட்பட முதல் வரிசைக்குக் கொடுத்தாயிற்று. தொழிற்சாலைகளைப் பார்வையிடும் அதிகாரி மாலையோடு உட்கார்ந்திருந்தார். மேனேஜர் மைக்கைப் பிடித்தபோது ஒச்சாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு பலகைக்குப் போனாள். காவல்காரர் விருமாண்டி, "ஏத்தா, எங்க போற?" என்பதற்குள் இடது உள்ளங்கையால் முந்நூறை அழித்துவிட்டாள்.

"அது யாரு?" என்றார் அதிகாரி.

"ஒண்ணுமில்ல சார். கையில சின்ன ஸ்கிராட்ச். அதுக்குப் போயி..." என்று மேனேஜர் சிரித்தார்.

"ஸ்கிராட்ச் இல்ல சார்!" கத்தியது தங்கப்பொண்ணு. கையில் வாங்கிய தூக்கை மேஜையில் டங்கென்று வைத்தாள். "எலும்பு தெரிஞ்சுச்சு. நான் பாத்தேன்."

அதிகாரி எழுந்துவந்து ஒச்சாயியின் விரலை மடக்கிப் பார்த்தார். மடங்கவில்லை. நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். பக்கத்துக்குப் பக்கம் ஒரே வார்த்தை. மாலையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, விபத்து அறிக்கையைத் தன் முன்னாலேயே எழுதச் சொன்னார். தூக்குகள் சாக்குக்குள் திரும்பிப் போயின. நாலைந்து பேர் ஒச்சாயியை முறைத்தார்கள். முறைக்கட்டும் என்று நின்றாள்.

சுடலை எழுதி முடித்து, மைப்பெட்டியை அவள் பக்கம் தள்ளினார். அவள் கையை நீட்டவில்லை.

"என்ன எழுதியிருக்கீக? தமிழ்ல படிங்க."

"வலது சுட்டுவிரல்ல ஆழமான வெட்டு. நரம்பு அறுந்து விரல் மடங்கல. வேலை நேரத்துல மெஷின்ல ஏற்பட்ட விபத்து."

"இன்னொருக்கா சத்தமாப் படிங்க. பின்னாடி நிக்கிறவுகளுக்கும் கேக்கட்டும்."

சுடலை மேனேஜரைப் பார்த்தார். பிறகு சத்தமாகவே படித்தார். அதன்பிறகுதான் ஒச்சாயி, சாக்பீஸ் தூள் அப்பியிருந்த இடது கையைப் புடவையில் துடைத்துவிட்டு, ரேகை வைத்தாள்.