தக்கையில் இருந்த மணம்

நாவற்பழத்தை நசுக்கி மழையில் ஊறிய பலகையில் தேய்த்தால் எப்படி மணக்குமோ, ஏறத்தாழ அப்படித்தான் மணத்தது அந்தத் தக்கை. சிவப்பு வைனை நான் இன்றுவரை வாயில் வைத்ததில்லை, வைக்கப்போவதுமில்லை. ஆனால் சின்ன வயதிலேயே அதன் மணத்தை எனக்கு மனப்பாடம் ஆக்கியவர் ஐவேளையும் தொழுகிற என் உம்மாதான் என்றால் யார் நம்பப்போகிறார்கள்?

வாப்பா அப்போது கண்டக்குழியில், கடற்காற்றில் பட்டம் பிடித்துச் சறுக்கி விளையாட வருகிற வெள்ளைக்காரர்களுக்கான விடுதியொன்றில் தோட்ட வேலை செய்தார். யாழ்ப்பாணத்திலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது உடுத்த உடுப்போடு வந்த இளந்தாரி அவர். பாலாவிக்குப் பக்கத்தில், எங்களைப் போல வந்தவர்கள் கூடியிருந்த குடியிருப்பில் கலியாணம் முடித்து, என்னையும் தம்பியையும் பெற்று, அங்கேயே வேரூன்றப் பார்த்தார். ஊர்க்காரர் எங்களை "அகதியாக்கள்" என்பார்கள். காணியும் இல்லை, கடையும் இல்லை. நாலுபேர் மதிக்க எங்களிடம் இருந்தது வாப்பாவின் நல்ல பெயர் ஒன்றுதான். வெள்ளைக்காரர் குடிக்கிற இடத்தில் வேலை செய்கிறாரே என்று வாய் நீண்டவர்கள்கூட, அவர் பள்ளிவாசலில் முன்வரிசையில் நிற்பதைப் பார்த்து அடங்கிப்போவார்கள்.

அந்த வருடம் விடுதிக்குப் போர்த்துக்கல்லிலிருந்து ஒரு கிழவர் வந்திருந்தார். எங்கள் பாண், மேசை, அலுமாரி எல்லாம் அவர்களுடைய சொற்கள்தான் என்று தெரிந்ததும் கைதட்டிச் சிரித்தாராம். அவர் ஊருக்குத் திரும்பிய அன்று வாப்பா ஒரு வெறும் போத்தலைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்து அலுமாரிக்கு மேல் வைத்தார். கரும்பச்சைக் கண்ணாடி, கனத்த அடி, வாயில் அதே பழைய தக்கை. ஒட்டியிருந்த தாளில் குட்டையான, முறுக்கிய அடிமரமொன்றின் படம், அதில் இரண்டே இரண்டு இலை. "கிழவர்ட தோட்டத்துப் போத்தல்" என்றார். அதற்குமேல் அவரும் சொல்லவில்லை, உம்மாவும் கேட்கவில்லை.

உம்மாவுக்குக் கேட்கத் தேவையும் இருக்கவில்லை. ஹஜ்ஜுக்குப் போய்வந்த பக்கத்து வீட்டார் காட்டிய ஸைத்தூன், அதாவது ஒலிவ எண்ணெய்ப் போத்தலில் இதே மாதிரி முறுக்கிய மரம் இருந்ததாம். குர்ஆனில் சொல்லப்பட்ட மரத்தின் போத்தல், அதுவும் நம் வீட்டில்! தம்பி காய்ச்சலில் திடுக்கிட்டுத் திடுக்கிட்டு அழுத நாளில், தண்ணீருக்குக் குர்ஆன் ஓதி ஊதி வாங்கிவர உம்மா அதைவிடச் சிறந்த பாத்திரம் தேடுவாரா? நிறையத் தண்ணீர் வார்த்து, தக்கையை இறுக்கி, என் கையில் தந்து ஓதப்பள்ளிக்கு அனுப்பினார். நானும் பெருமை பிடிபடாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனேன்.

எங்களுக்கு ஓதிக்கொடுக்கும் ஹஸரத் போத்தலை வாங்கி, திருப்பி, பின்பக்கத்துச் சின்ன எழுத்தை வாசித்தார். தக்கையைத் திறந்து மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனவர் சட்டென்று மூடினார்.

"மகள், இதைச் சீலைக்குள்ள மறைச்சு வீட்ட கொண்டு போங்க. இது சாராயம் மாதிரி ஒண்டுட போத்தல். உம்மாட்டச் சொல்லுங்க, வேற ஒண்டில தண்ணி தரச்சொல்லி."

மெதுவாகத்தான் சொன்னார், பாவம். ஆனால் ஓதிக்கொண்டிருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் ஓதலை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். நான் வீடு வருவதற்குள் கதை எனக்கு முன்னே வந்து நின்றது. மறுநாள் நான் "குடிகாரன்ட மகள்". அந்த வெட்கத்தை இப்போது எழுதும்போதும் காது சுடுகிறது.

வாப்பா வந்ததும் உம்மா போத்தலை அவர் முன்னால் வைத்தார். வாப்பா சத்தம் போடவில்லை.

"அல்லாஹ் மேல ஆணை, ஒரு சொட்டு நான் தொடல்ல. அது திராட்சை, முந்திரிகைக் கொடிட படம். கிழவர்ட வாப்பாட வாப்பா நட்டதாம். அந்த மண்ணில மட்டும் வாற சாதியாம். வயசு போகப் போகக் கொஞ்சமாத்தான் காய்க்குமாம், ஆனா சாறு நல்லாத் தடிப்பாம். எங்கட வாப்பாவும் யாழ்ப்பாணத்து வளவில பந்தல் போட்டு ஒரு முந்திரிகை வைச்சவர் தானே. நான்தான் கொப்பு வெட்டி விடுறது. அந்தக் கிழவரை ஒருத்தரும் எழும்பிப் போகச் சொல்லல்ல, அதான் அவர்ட கொடி அவ்வளவு காலம் நிக்குது. அந்தப் படத்தைப் பாத்தன்... எறிய மனம் வரல்ல."

உம்மா தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். நம்பிவிட்டார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அடுத்த நாள் என்னைக் குசினிக்குள் கூப்பிட்டு, தக்கையை என் மூக்கில் வைத்து, "நல்லா மணந்து வைச்சுக்கோ. பின்னேரம் வாப்பா வந்ததும் ஓடிப்போய்க் கட்டிப்பிடி. வாயில இந்த மணம் இருக்கா எண்டு வந்து சொல்லு" என்றார். பாவம் உம்மா, அவருக்கும் பயம். ஊர் வாய் அவரையும் தின்றுகொண்டிருந்தது.

அதன்பிறகு நுரைச்சோலைப் பக்கமிருந்து வரும் பஸ்ஸில் வாப்பா இறங்கியதும் பாய்ந்துபோய்க் கழுத்தைக் கட்டிக்கொள்வேன். மகளுக்கு இப்படியொரு பாசமா என்று அவர் பூரித்துப்போனார். அதை நினைத்தால்தான் இன்றும் எனக்கு எங்கேயாவது ஒளிந்துகொள்ளவேண்டும்போல் இருக்கிறது. நான் முகத்தை அவர் வாயருகே கொண்டுபோவேன், மூச்சை இழுப்பேன், குசினிக்கு ஓடித் தலையை ஆட்டுவேன்: இல்லை.

ஒருநாள் நான் ஓடிவரும்போதே வாப்பா பையைக் கீழே வைத்துவிட்டுக் குந்தினார். நான் கட்டிப்பிடிக்குமுன் என் தோளைப் பிடித்து நிறுத்தி, வாயை அகலத் திறந்து "ஹா" என்று முகத்தில் ஊதினார். பிளேன்டீயும் வெங்காயமும் மணத்தன.

"வடிவா மணந்து பாத்தீங்களா மகள்? போய் உம்மாட்டச் சொல்லுங்க."

குரலில் கோபமே இல்லை. கோபித்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! உம்மா கதவு மறைவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அன்றோடு அவர் என்னிடம் எதையும் கேட்கவில்லை. வாப்பா மாதம் முடிவதற்குள் விடுதி வேலையை விட்டுவிட்டு உப்பளத்துக்குப் போகத் தொடங்கினார். போத்தலை யார் எறிந்தது என்று எனக்குத் தெரியாது.

இப்போது அந்த விடுதி கைமாறி, பெயர் மாறி, மதிலும் உயர்ந்துவிட்டது. ஹஸரத் மௌத்தாகி அடக்கமாகிவிட்டார். என்னைப் பட்டம் சொல்லி அழைத்தவர்கள் வெளிநாடுகளில் இருக்கிறார்கள், அவர்களுக்கு நினைவும் இருக்காது. பாதைகள் திறந்தபின் வாப்பா ஒருமுறை யாழ்ப்பாணம் போய்வந்தார். வளவில் பந்தல்கால் நட்ட குழிகூட இல்லையாம். திரும்பியும் உப்பளத்துக்கே போனார்.

போன பெருநாளைக்கு என் மகள் அவர் மடியில் ஏறினாள். வாப்பா யாரைக் கொஞ்சினாலும் முதலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு வாயை மற்றப் பக்கம் திருப்பிக்கொள்வார். அது எப்போது தொடங்கிய பழக்கம் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய் திறப்பதில்லை. அன்றும் திருப்பினார். அவளோ விடாமல், இரண்டு கையாலும் அவர் முகத்தைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்து, வாயோடு வாய் வைத்துக் கொஞ்சினாள். அவளை யாரும் எதையும் மணந்துவரச் சொல்லி அனுப்பியிருக்கவில்லை.