மதியத்துக்குள் உயிரை விடும் போன்

லிஃப்ட்காரருக்கு இருப்புக்கொள்ளவில்லை. காலை ஏழு மணிக்கு நூறு சதவீதம் என்று பல்லைக் காட்டிக்கொண்டு கிளம்பும் போன், பதினொன்றரைக்கெல்லாம் முப்பத்தெட்டுக்கு வந்து நிற்கிறது. சாப்பாட்டு வேளையில் பதினாலு. இரண்டு மணி சுமாருக்கு உயிரை விட்டுவிடுகிறது. வாங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அவர் அதில் படம் பார்ப்பதில்லை, பாட்டுக் கேட்பதில்லை, விளையாடத் தெரியவே தெரியாது. சும்மா சட்டைப்பையில் கிடக்கிற சாமானுக்கு அப்படி என்ன களைப்பு என்று அவருக்குப் புரியவில்லை.

வேறு யாராவது என்றால், தொலையட்டும், வீட்டுக்குப் போய் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டிருப்பார்கள். இவரால் விட முடியாது. இவர் மனைவியின் இரண்டு சிறுநீரகங்களும் கைவிரித்து நான்கு வருடம் ஆகிறது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் சென்டருக்குப் போய், நான்கு மணி நேரம் படுத்து, ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருகிறாள். மாற்றுச் சிறுநீரகத்துக்காகக் காத்திருப்பவர்களின் பட்டியலில் அவள் பெயர் இருக்கிறது. அந்தப் பட்டியலை வைத்திருக்கும் அலுவலகம் ஊரின் மறுகோடியில் இருக்கிறது. எங்கேயோ யாரோ இறந்து, அந்த வீட்டார் மனம் வைத்து, அது இவளுக்குப் பொருந்தும் என்று தோன்றினால் அங்கிருந்து போன் வரும். அரை மணி நேரத்துக்குள் எடுத்து, வருகிறோம் என்று சொல்ல வேண்டும். எடுக்காவிட்டால் அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அந்த போன் வர வேண்டிய நம்பர் லிஃப்ட்காரருடையது.

படிவம் பூர்த்தி செய்த அன்றே மனைவி கேட்டாள். “என் கிட்னிக்கு என் நம்பரக் குடுத்தா ஆகாதாங்க?”

“நீ கையில ஊசியோட படுத்திருப்ப. அப்ப போன் வந்தா எப்படி எடுப்ப? வீட்ல இருந்தாலும் போனை எங்கயாவது துணிக்கடியில வச்சிட்டு ஊரெல்லாம் தேடுவ.”

அவள் போனைத் தேடுவது உண்மைதான் என்பதால் படிவத்தில் அவர் நம்பரே ஏறியது. இரண்டாவது நம்பர் என்று ஒரு கட்டம் இருந்தது. அதையும் அவர் யோசித்துத்தான் நிரப்பினார். தான் கிடைக்காவிட்டால் தனக்குச் சேதி சொல்லக்கூடியவனாக இருக்க வேண்டும், எப்போதும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அப்படிப்பட்டவன் உலகத்தில் ஒருத்தன்தான், கிரீஸ். பதினோரு வருடமாக அவருடன் வேலை செய்பவன். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் நகக்கண்ணில் கறுப்பு போகாததால் அந்தப் பெயர்.

இருபத்தாறு வருடமாக லிஃப்ட் பழுதுபார்ப்பதே அவருக்குத் தொழில். ஒரு லிஃப்ட் ஏறும்போது வரும் சத்தத்தைக் கேட்டே எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். சிக்கிக்கொண்டு அலறுகிறவர்களிடம் கதவுக்கு வெளியே நின்று பேசியே மூச்சை நிதானப்படுத்துவார். அவ்வளவு நிதானமான மனிதர், இந்த நான்கு வருடத்தில் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர்போல் ஆகிவிட்டார். எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் பழுதைப் பார்ப்பதில்லை, பிளக் பாயிண்ட்டைத்தான் பார்க்கிறார். வரவேற்பு மேசைப் பெண்களிடம் கெஞ்சி அவர்களுடைய மின்விசிறியின் பிளக்கைக் கழற்றிவிட்டு சார்ஜர் சொருகியிருக்கிறார். ஒரு காவலாளி முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டார், “நீங்க லிஃப்ட் சரிபண்ண வர்றீங்களா, போனுக்குத் தீனி போட வர்றீங்களா?”

போன் பழுதுபார்ப்பவரிடமும் போனார். அவர் போனைத் திறந்து, எதையோ மாட்டிப் பார்த்துவிட்டு, “பேட்டரி நல்லாத்தான் இருக்கு சார். மாத்த வேண்டாம்” என்றார்.

“நல்லா இருந்தா ஏன் ரெண்டு மணிக்கு சாகுது?”

“எங்க வச்சுப் பயன்படுத்துறீங்கன்னு பாக்கணும்.”

“சட்டைப்பையில! வேற எங்க வைப்பாங்க?” என்று வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டார். தொழில் தெரியாத ஆள் என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே நடந்தார். விடுமுறை நாட்களில் அதே போன் சாயங்காலம் வரை தாக்குப்பிடிக்கிறது என்பதை அவர் கவனிக்காமல் இல்லை. அதற்கும் ஓய்வு கிடைக்கிறது என்று ஒரு காரணத்தைத் தானே சொல்லிக்கொண்டார்.

அப்புறம் ஆரம்பித்தது புதுப் போன் தேடும் படலம். மூன்று வாரம் வீடு வீடாக இல்லை. எந்தப் போனில் சார்ஜ் எத்தனை மணி நேரம் நிற்கிறது, எது சூடாகிறது, எது ஆறு மாதத்தில் பல்லிளிக்கிறது என்று முன்பின் தெரியாதவர்கள் எழுதியதையெல்லாம் அக்குவேறு ஆணிவேறாகப் படித்தார். ஒருவர் ‘இரண்டு நாள் தாங்குகிறது’ என்று எழுதியிருப்பார். மனம் குளிரும். அடுத்தவர் ‘ஏமாந்துபோனேன்’ என்று எழுதியிருப்பார். பழையபடி முதலிலிருந்து தேடுவார். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரின் போன் தடிமனாக இருந்தால் அவரை விசாரிக்காமல் விடமாட்டார். அப்படி ஒருவர், இவர் திருடப்போகிறாரோ என்று பயந்து இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கிப்போனார்.

“என்னைக் கட்டிக்கிறப்பகூட நீங்க இவ்வளவு விசாரிச்சிருக்க மாட்டீங்க” என்றாள் மனைவி.

“விசாரிச்சிருந்தா கட்டியிருக்கவே மாட்டேன்.”

“இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. போனைக் கட்டிக்கோங்க.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவள் கால்கள் அன்று வீங்கியிருந்தன. அதைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. எழுந்துபோய் இன்னும் நாலு பேர் எழுதியதைப் படித்தார்.

கடைசியில் ஒரு சனிக்கிழமை கடைக்குப் போனார். விற்கும் பெண் மிகவும் பணிவானவள். கேமராவைக் காட்டினாள். இவர் பேட்டரி என்றார். திரையின் வண்ணத்தைக் காட்டினாள். இவர் பேட்டரி என்றார். முகத்தைப் பார்த்தே பூட்டுத் திறக்கும் என்றாள்.

“அம்மா, என் மூஞ்சிய அது பாக்க வேண்டாம். யாராவது கூப்பிட்டா அது அடிக்கணும். அவ்வளவுதான் எனக்கு வேணும்.”

அந்தப் பெண் உள்ளே போய், யாரும் கேட்காத ஒரு மூலையிலிருந்து ஒரு போனைக் கொண்டுவந்தாள். கறுப்பு நிறம், தடித்த உடம்பு, நாலு மூலையிலும் ரப்பர். “இது அழகா இருக்காது சார். ஆனா ரெண்டு நாள் நிக்கும்.” கையில் வாங்கியதும் அதன் கனமே அவருக்குப் பிடித்துப்போயிற்று. வீட்டில் மேசைமேல் வைத்தபோது மனைவி, “செங்கல்ல சிம் போட்டுத் தர்றாங்களா இப்ப?” என்று கேட்டாள். அவர் காதில் வாங்கவில்லை. ஒரு வருடத்துக்குப் பிறகு அன்றுதான் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

சோதித்துப் பார்க்காமல் எதையும் ஒப்படைக்காதது அவர் தொழிலின் பழக்கம். லிஃப்ட்டைப் பழுதுபார்த்து முடித்தால், உள்ளே நின்று அபாய மணியைத் தானே அழுத்தி, வெளியே கேட்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். புதுப் போனுக்கும் அதே முறைதான். திங்கட்கிழமை காலை மனைவியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். “உனக்கு இன்னைக்கு சென்டர் இல்லையே, வீட்லதானே இருப்ப. ஒம்பது மணிலேருந்து மணிக்கு ஒரு தடவ எனக்குப் போன் பண்ணு. நான் எடுக்குறேனான்னு பாரு. மறந்துடாத.”

ஒன்பது மணிக்குத் தெருவில் நடந்துகொண்டிருந்தபோது போன் கணீரென்று அடித்தது. எடுத்து, “பிரமாதமாக் கேக்குது” என்றார். பிறகு அவரும் கிரீஸும் பதினாலு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் ஓடும் பாதைக்குள் இறங்கினார்கள். அவர் லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்றார். கிரீஸ் அடியில் குழிக்குள் நின்றான். நான்கு பக்கமும் கான்கிரீட் சுவர், நடுவில் இரும்புத் தண்டவாளங்கள். மேலே இருப்பவர் பேசுவது கீழே இருப்பவனுக்கு எதிரொலியாகக் குழம்பிப்போகும் என்பதால், அவர்கள் ஸ்பேனரால் தண்டவாளத்தில் தட்டித்தான் பேசிக்கொள்வார்கள். ஒரு தட்டு என்றால் நிறுத்து, இரண்டு என்றால் மேலே, மூன்று என்றால் கீழே. அன்று அவர் தட்டிய தட்டில் ஒரு தாளமே இருந்தது. செங்கல் சட்டைப்பையில் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தது.

ஒன்றேகாலுக்கு வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். அறுபத்தாறு. சுருக்கென்றது. அவ்வளவு பெரிய பேட்டரி, அதுவும் நான்கு மணி நேரத்தில் இவ்வளவு இறங்கியிருக்கிறது. அதைவிடக் கோபம் வந்தது இன்னொன்றுக்கு. ஒரு அழைப்புகூட வரவில்லை. படிக்கட்டிலேயே நின்று மனைவியைக் கூப்பிட்டார்.

“ஒரு வேலை சொன்னேன். மறந்துட்டல்ல?”

“நானா மறந்தேன்? பத்து, பதினொண்ணு, பன்னெண்டு, ஒண்ணு. நாலு தடவ பண்ணிட்டேன். நீங்க தொடர்பு எல்லைக்கு வெளிய இருக்கீங்கன்னு அந்தப் பொம்பள நாலு தடவையும் சொல்றா. சரி, தம்பியக் கேப்போம்னு கிரீஸுக்கும் அடிச்சேன். அங்கயும் அவளேதான் பேசுறா.”

கிரீஸ் பக்கத்தில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். போனை வைத்துவிட்டு அவனிடம் கேட்டார். “ஏன்டா, உள்ள டவர் கிடைக்காதா?”

கிரீஸ் அவரை ஒரு மாதிரி பார்த்தான். “என்னண்ணே புதுசாக் கேக்குறீங்க? உள்ள போன் கிடைச்சா நாம ஏன் ஸ்பேனரால தட்டிக்கிட்டு இருக்கோம்? கிடைக்காத டவரைத் தேடித் தேடித்தான் என்னோடதும் மத்தியானமே படுத்துடுது.”

லிஃப்ட்காரர் படியில் உட்கார்ந்துவிட்டார். அவருக்குத் தெரியாத விஷயமா அது? இருபத்தாறு வருடமாகத் தெரியும். உள்ளே போன் கிடைக்காது என்பது வேலையைப் பற்றிய சங்கதி என்று ஒரு பக்கமாக வைத்திருந்தார். மனைவிக்கு வர வேண்டிய போன் வீட்டைப் பற்றிய சங்கதி. இரண்டையும் ஒரு நாளாவது ஒன்றாக வைத்து யோசித்ததில்லை. போதாக்குறைக்கு, இரண்டாவது நம்பர் என்று யோசித்து யோசித்து, தன்னோடு அதே குழிக்குள் இறங்குகிறவனுடையதைக் கொடுத்திருக்கிறார். தன் தலையில் தானே ஸ்பேனரால் அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது.

பட்டியல் அலுவலகத்தைக் கூப்பிட்டார். ஒரு அம்மா எடுத்தார். மனைவியின் பதிவு எண்ணைச் சொல்லிவிட்டு, “இதுவரைக்கும் எங்களுக்குப் போன் பண்ணி நாங்க எடுக்காம இருந்திருக்கோமாங்க?” என்று கேட்டார்.

விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. “ஒரு தடவ இருக்கு சார். போன மாசம் பதினேழாம் தேதி, காலைல பதினொண்ணு பத்து. ரெண்டு நம்பருக்கும் மூணு மூணு தடவ பண்ணியிருக்கோம். ரெண்டும் கிடைக்கல.”

“அது… அவளுக்குப் பொருந்தியிருக்குமாங்க?”

“அத யாரும் சொல்ல முடியாது சார். எப்பவும் மூணு பேரை வரச் சொல்வோம். டெஸ்ட் பண்ணி ஒருத்தருக்குத்தான் வைப்பாங்க.” கொஞ்சம் தயங்கிவிட்டு அந்த அம்மா சொன்னார், “வேற நம்பர் இருந்தா உடனே குடுத்துடுங்க சார்.”

பதினேழாம் தேதி அவருக்கு நன்றாக நினைவிருந்தது. ஒரு ஆஸ்பத்திரிக்கு எதிர்க் கட்டடத்தில் லிஃப்ட்டின் கம்பிக்கயிற்றை மாற்றிய நாள். கிரீஸிடம் பவர் பேங்க் இரவல் வாங்கி, அதைச் சொருகிய போனைப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே இறங்கினார். மதியம் வெளியே வந்தபோது தொண்ணூறு இருந்தது. அன்றைக்குத்தான் அவர் கவலையில்லாமல் வேலை பார்த்தார்.

அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். மனைவி ஜன்னலோரம் காலை நீட்டி உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் எதிரே நின்று எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை, குறைக்கவும் இல்லை. சொல்லி முடித்ததும் திட்டு விழும் என்று காத்திருந்தார். விழுந்தால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது.

அவள் கையிலிருந்த துணியை மடித்து முடித்தாள். பிறகு கையை நீட்டினாள். “அந்தச் செங்கலைக் குடுங்க.”

கொடுத்தார். அதில் தன் சிம்மைப் போடச் சொன்னாள். அலுவலகத்து நம்பரைக் கேட்டு, அங்கிருந்த அம்மாவிடம் தானே பேசித் தன் நம்பரை எழுதிக்கொள்ளச் சொன்னாள். எழுதியதைத் திருப்பிப் படிக்கவும் சொன்னாள். குரலில் ஒரு நடுக்கம் இல்லை.

“சென்டர்ல ஊசி குத்தியிருக்கப்ப…” என்று ஆரம்பித்தார் அவர்.

“ஊசி ஒரு கையிலதாங்க. இன்னொரு கை நாலு மணி நேரம் சும்மாத்தான் கிடக்குது.”

நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் அடுத்த துணியை எடுத்தாள். அதை உதறிக்கொண்டே, அவரைப் பார்க்காமல் கேட்டாள்.

“என்ன தேதி சொன்னீங்க? பதினேழா?”

“பதினேழு.”

“அன்னைக்கு எனக்குக் காய்ச்சல்ங்க. போயிருந்தாலும் திருப்பித்தான் அனுப்பியிருப்பாங்க.”

பதினேழாம் தேதி காலையில் அவளைக் கைப்பிடித்து சென்டருக்கு பஸ் ஏற்றிவிட்டவர் அவர்தான். அந்தக் கை குளிர்ந்துதான் இருந்தது. அவள் முகத்தைப் பார்த்தார். அவள் துணியின் ஓரங்களைச் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆமா” என்றார் அவர். “நல்ல காய்ச்சல்.”