குவாரிப் பிரிவில் பதினொரு நிறுத்தங்கள்

கண்டக்டர் பழனிச்சாமியின் வேலையைப் பறித்தவன் நான். ஆனி ஏழாம் தேதி, காலை ஒன்பது பன்னிரண்டு, தூறலுக்கும் வக்கில்லாத மேகமூட்டம்... அப்போதுதான் சங்ககிரி அஞ்சல் பெட்டியில் அந்தக் கடிதத்தைப் போட்டேன்.

உங்களுக்கு முன் யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

எனக்கு வயது எழுபத்தாறு. நூற்பாலையில் முப்பத்தொரு ஆண்டுகள் மூட்டை எண்ணியவன்; எண்ணாமல் இருக்கத் தெரியாது. நாளிதழைத் திறந்தால் வெட்டு, குத்து, விபத்து. மனம் தாங்காமல், கண்ணில் படும் நல்ல காரியங்களை ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினேன். நாளுக்கு மூன்று தேறும். சில நாள் ஒன்றுகூட இராது.

தோள்வலிச் சிகிச்சைக்காக வாரம் இருமுறை சேலம் போவேன். நான் ஏறும் தனியார் பேருந்து சங்ககிரியை விட்டால் வழியில் நிற்காது. ஆனால் கல்குவாரிக்குச் சாலை பிரியும் குவாரிப் பிரிவில் பழனிச்சாமி ஒற்றை விசில் கொடுத்து வண்டியை நிறுத்துவார். டயாலிசிஸுக்குப் போகும் ஒரு பெண் அங்கே காத்திருப்பாள். இறங்கிப் போய்க் கையைப் பிடித்து ஏற்றுவார்.

“மெதுவா வாங்கக்கா. டிரைவர் அண்ணன் தூங்கறாப்புல.”

“உன்ற வாய் ஓயட்டும்னு காத்துக் கெடக்கறேன் சாமி” என்பார் ஓட்டுநர்.

பதினொரு முறை எண்ணினேன். தேதி, நேரம், நின்ற நிமிடங்கள் எல்லாம் வரிசையாக எழுதி, பேருந்து முதலாளிக்குப் பாராட்டுக் கடிதம் அனுப்பினேன். ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம்; ஒரு நாள் மூன்றரை. நல்லதைச் சொல்லப் பெயர் எதற்கு என்ற பெருமையில் கையெழுத்துப் போடவில்லை.

இந்தப் பக்கத்துப் பேருந்துகளுக்கு நேரம்தான் உயிர். இரண்டு நிமிடம் பிந்தினால் அடுத்த வண்டிக்காரன் நிலையத்தில் சண்டைக்கு நிற்பான். எனக்குத் தெரியாதா? தெரியும். நல்லவர் என்று மட்டும் எழுதியிருந்தால் போதாதா... என் நுணுக்கத்தை முதலாளி மெச்ச வேண்டுமென்று ஆசைப்பட்டேனோ?

மறுவாரம் வேறு கண்டக்டர். குவாரிப் பிரிவில் அந்தப் பெண் எழுந்து கை நீட்டினாள். வண்டி நிற்கவில்லை. நான் நிறுத்தச் சொல்லவும் இல்லை.

ஆடியில், லாரிப் பட்டறை ஒன்றின் வாசலில் பழனிச்சாமி டயர் உருட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ஓடி வந்து, பையை வாங்கிக்கொண்டு சாலையைக் கடக்க வைத்தார்.

“எவனோ நிமிசக் கணக்கோட மொட்டைக் கடுதாசி போட்டுட்டானுங்க. ஓனரு மூஞ்சிக்கு நேரா படிச்சுக் காட்டி, வீட்டுக்குப் போன்னுட்டாரு. வாராவாரம் வர்றவரு நீங்க... யாருன்னு தெரியுமுங்களா?”

“தெரியாதுங்க.”

“உடுங்க சாமி. அவனுக்கென்ன வயித்தெரிச்சலோ. அந்த அக்காதான் பாவம், ரெண்டு பஸ் மாறிப் போகுதாம்.”

தலையாட்டினேன். பையைத் திருப்பிக் கொடுக்கும்போது, வெயில் ஏறுமுன் வீடு போய்ச் சேரச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் அதையும் நோட்டில் ஏற்றினேன். இப்படிப்பட்ட மனிதனை நீங்கள் என்னவென்று சொல்வீர்கள்?

அவருக்கு வேலை போயிற்று. அவளுக்கு வண்டி போயிற்று. எனக்கு ஆன செலவு, உறையும் அஞ்சல் தலையும் சேர்த்து, ஆறு ரூபாய்.