கூறைப் புடவைக் கூடாரம்

என் தகரப் பெட்டியின் அடியில் ஒரு துணி கிடக்கிறது. கருப்பட்டி நிறம். தொட்டால் ஓரம் உதிர்கிறது, நடுவில் தோல்போல விறைத்து நிற்கிறது. முகர்ந்தால் இத்தனை வருஷத்துக்குப் பிறகும் ரப்பர் ஷீட் காயும் புகைவீட்டின் வாசனை. ஒரு மூலையில் மட்டும், மடிப்போடு மடிப்பு ஒட்டித் திறக்காமலே போன இடத்தில், அரக்குச் சிவப்பு ஒரு கீற்றாகத் தெரியும். அது என் அண்ணியின் கூறைப் புடவை. கல்யாணத்தன்று ஒருநாள் கட்டினாள். அதற்குப் பிறகு அதைப் பெட்டியிலிருந்து எடுத்தது கூடாரம் செய்யத்தான்.

மலாயாவில் கோலசிலாங்கூருக்கு உள்ளே தள்ளியிருந்த ரப்பர் தோட்டத்தில் எங்களுக்குக் கூலி வேலை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகள். அண்ணிக்கு நாத்தனார் நான், எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு அண்ணியோடு பால்வெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். அண்ணிக்கு முதல் பிள்ளை மூச்சிளைப்பு வந்து தங்காமல் போயிற்று. இரண்டாவதும் மகன். அவனுக்கும் மழைச்சாரல் பட்டால் போதும், நெஞ்சு கீச்கீச்சென்று கத்தும். ஒருமுறை உதடு நீலம் பாரித்து அவன் கிடந்தபோது அண்ணி வேண்டிக்கொண்டாள்: பிழைத்தால் தைப்பூசத்துக்கு என் இடுப்பிலேயே தூக்கிக்கொண்டு நடந்து வந்து பத்துமலையில் முடியிறக்குகிறேன் என்று. பிழைத்துவிட்டான். இனி நடக்கவேண்டியதுதானே! ஆனால் வழியில் இரண்டு இரவு தங்கவேண்டும். தை மாதத்து மழை எங்கள் பக்கத்தில் சொல்லிக்கொண்டு வராது. பிள்ளை நனைந்தால் என்ன ஆகும் என்பதை லயத்து வரிசை வீடுகளில் எல்லாருமே அறிவார்கள், வாய்விட்டு யாரும் சொல்லவில்லை.

இரவில் கூடாரமாகக் கட்ட அண்ணன் தோட்டத்து ஸ்டோரிலிருந்து ஒரு தார்ப்பாயை இரவல் வாங்கி வந்தார். அண்ணி அதைத் தலையில் தூக்கிவைத்து இடுப்பில் பிள்ளையோடு லயத்தின் கடைசிவரை நடந்து பார்த்தாள். திரும்பி வந்து கீழே போட்டாள். “காஞ்சப்பவே கழுத்து ஒடியுது. நனைஞ்சா அதைத் தூக்க ஒரு மாடு வேணும்” என்றாள். அண்ணன் சளைக்கவில்லை. பாசிர் பெனம்பாங் படகுக்காரர்கள் படகின்மேல் போடும் ஓலைப்பாய் ஒன்றைக் கொண்டுவந்தார். எடை இல்லைதான், ஆனால் சுருட்டினால் ஆள் உயரம். காற்று வந்தால் அது ஒரு பக்கம் இழுத்தது, அண்ணி ஒரு பக்கம் இழுத்தாள். நாங்கள் சிரித்துச் சிரித்து ஓய்ந்துபோனோம்.

பால்வெட்டும் சேலையில் ரப்பர் பால் சிந்திக் காய்ந்த இடத்தில் மழை இறங்காது. நாங்கள் எல்லோரும் தினம் பார்த்ததுதான். அண்ணிதான் அதை யோசித்தாள். வீட்டிலிருந்த சேலைகளில் ஓட்டை இல்லாதது கூறைப் புடவை ஒன்றுதான்.

“இதையா அண்ணி?” என்று பதறினேன்.

“கட்டிக்கிட்டு எங்க போகப்போறேன்? புள்ளைக்கு ஆவட்டும்.”

பாலுக்கு, எங்களை வேலை வாங்கும் மண்டோரிடம் கேட்டாள். அவர் மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே, “நாலு மங்கு பால்தானே, நான் எங்கம்மா பாத்தேன்?” என்று நடந்துவிட்டார். புடவையைப் புல்லில் விரித்துத் தேங்காய் நாரால் பால் பூசினோம். காய்ந்ததும் மறுபக்கம். பிறகு புகைவீட்டில் ஷீட்டுகளுக்கு நடுவே தொங்கவிட்டோம். வெள்ளைப் புகையில் அந்தச் சிவப்பு மெல்ல மெல்லப் பழுத்துக் கருத்ததை இப்போதும் கனவில் பார்க்கிறேன். மடித்தால் ஒரு தலையணை அளவு. அண்ணி அதை ஒரே கையில் தூக்கிக் காட்டி, “பூ மாதிரி இருக்கு பாரு!” என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமையை அதற்குமுன் நான் கண்டதில்லை.

விடியும் முன்பே லயத்து ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் புறப்பட்டோம். மூடுபனியில் முன்னே போகிறவர்களின் மஞ்சள் துணி மட்டும் மிதந்தது. ஈஜோக் தாண்டியதும் வெயில் ஏறியது, செம்மண் சாலை கொதித்தது. அண்ணியின் தலையில் புடவை, இடுப்பில் பிள்ளை. பொழுது சாயும்போது மேற்கே கருத்தது. ரப்பர் மரங்களுக்குள் ஒதுங்கி, கயிறு கட்டி, அண்ணி மடிப்பைப் பிரித்தாள். பிரியவில்லை. நாள் முழுக்கப் பட்ட வெயிலில் பாலோடு பால் ஒட்டி ஒரே கட்டியாகிவிட்டது. புகைவீட்டில் தனித்தனியாகத் தொங்கும் ஷீட்டுகளையே பார்த்துப் பழகிய எங்களில் ஒருவருக்காவது மடித்தால் ஒட்டுமே என்று தோன்றவில்லை. ரப்பரிலேயே பிறந்து ரப்பரிலேயே சாகிற ஜனம்!

“படிச்சுப் படிச்சுச் சொன்னேன், தார்ப்பாயக் கொண்டாரலாம்னு! கேட்டியா?” என்று அண்ணன் கத்தினார். முதல் துளி விழுந்தது. அண்ணி காலால் மிதித்துப் பல்லைக் கடித்து இழுத்தாள். ஒரு முழம், இன்னொரு முழம் வந்தது. அதற்குமேல் வரவில்லை. கயிற்றில் போட அது போதாது. பிள்ளையைத் தரையில் வேறொரு துணிமேல் கிடத்தினாள். இரண்டு கையையும் முழங்காலையும் ஊன்றி அவன்மேல் குனிந்தாள். “என் முதுவுல போட்டுவிடு” என்றாள். போட்டேன். அவளுடைய தலையும் தோளும் கால்களும் வெளியே. மழை சாட்டையாக அடித்தது. நான் மாற்றிக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன். “அசைஞ்சா முழிச்சுக்குவான், சும்மா இரு” என்றாள். மழை நிற்கும்வரை அசையவில்லை. பிள்ளை வாயில் விரலோடு தூங்கிக்கொண்டிருந்தான். அவன் சட்டையைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

காலையில் அந்தப் பயல் யாருடையதோ விபூதிப் பையை இழுத்து, ஒட்டிக் கிடந்த புடவையின்மேல் கொட்டிவிட்டான். அடிக்கக் கை ஓங்கிய அண்ணி நின்றாள். விபூதி பட்ட இடம் விரலில் ஒட்டவில்லை. அவ்வளவுதான், எல்லார் பையும் காலி. “சாமிக்கு வெச்சதும்மா!” என்று எங்களோடு வந்த காவடிக்காரர் முனகினார். “சாமி குடுத்த புள்ளைக்குத்தானே?” என்றாள் அண்ணி. மடிப்பு மடிப்பாகப் பிரித்து, தூவி, மறுபடி மடித்தோம். ஒரு மூலை மட்டும் பிடிவாதமாகத் திறக்கவில்லை. அன்று மாலை சுங்கை பூலோ பக்கம் தூறியபோது புடவை வழுக்கிக்கொண்டு விரிந்தது. விடிந்து பார்த்தால் பிள்ளை தலையிலிருந்து கால்வரை வெள்ளை வெளேரென்று விபூதி பூசி உட்கார்ந்திருக்கிறான். கிழவிகள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அண்ணனுக்கே சிரிப்பு தாங்கவில்லை.

மலையில் முடியிறக்கினோம். அண்ணி காய்ச்சலோடுதான் படியேறினாள். “வெயில்ல நடந்தது” என்று சொல்லிவிட்டாள். பிள்ளைக்கு இளைப்பு படிப்படியாக விட்டது. அவளுக்கு இருமல் வந்தது, சாகும்வரை போகவில்லை. மழையால்தானா, யார் கண்டது? “அவன்கிட்ட மழைக் கதையைச் சொல்லிக்கிட்டு இருக்காத” என்று என் வாயை அடைத்திருந்தாள். அதனால் எங்கள் குடும்பத்தில் விபூதிக் கதையை மட்டுமே சொல்லிச் சிரித்தோம்.

போன மாதம் அவன் வந்தான். தலை நரைத்த தாத்தா இப்போது. பேரனின் பள்ளி முகாமுக்கு நைலான் கூடாரம் வாங்கியிருந்தான். ஒரே கையில் தூக்கிக் காட்டினான். “ரொம்ப லேசுலா அத்தே, பூ மாதிரி!” அதே சொல். நான் எழுந்துபோய்ப் பெட்டியைத் திறந்து துணியை அவன் மடியில் வைத்தேன். விபூதிக் கதை என்று அவனும் சிரிக்கத் தொடங்கினான். நான் சிரிக்கவில்லை. இரண்டு முழத்தைக் கையால் அளந்து காட்டி, “மொத ராத்திரி மழையில இவ்வளவுதான் பிரிஞ்சு வந்துச்சு” என்றேன்.

அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். “இது எனக்கு மட்டுந்தானே பத்தும். அப்ப அம்மா?”

“வெளியதான் இருந்தா.”

 பிறகு அந்தச் சிவப்புக் கீற்றை விரலால் தடவியபடியே கேட்டான்: “அத்தே, அம்மா ராத்திரியெல்லாம் இருமுவாங்களே… தூங்கவிட மாட்டேங்கறீங்கன்னு நான்கூட சத்தம் போட்டிருக்கேன். அது அப்பப் புடிச்சதா?”

அண்ணி அடைத்துவைத்த வாய் எனக்கு. ஆனாலும், “ஆமாண்டா” என்றேன்.